அறுபது நாள் கணக்கு: ஒரு பித்தநாள நோயின் வரலாறு

1998ஆம் ஆண்டு நவம்பர் 15. டெல்லி இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனையின் அறுவை அரங்கில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு தந்தை. இன்னொருவர் அவருடைய மகன் சஞ்சய் கந்தசாமி, வயது 20 மாதம்! அப்பாவின் கல்லீரலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வெட்டி எடுத்து மகனுக்குப் பொருத்தினார்கள். அறுவை மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜசேகர், ஏ.எஸ்.சோயின், குழந்தைகள் கல்லீரல் மருத்துவர் அனுபம் சிபல் ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அறுவை அதுதான்.

அந்தக் குழந்தைக்கு என்ன நோய்? பிலியரி அட்ரீசியா. அதாவது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டு போகும் குழாய்கள் அழற்சியால் வீங்கி, தழும்பாகி, கடைசியில் அடைபட்டே போய்விடும் நோய். பேரைக் கேட்டால் ஏதோ வெளிநாட்டு நோய் போலத் தோன்றும். ஆனால் இது எந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் வரலாம். காஞ்சிபுரத்திலும் வரும், கல்லாவியிலும் வரும்.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. இதற்கு அறுவை கண்டுபிடித்தாகிவிட்டது, கல்லீரல் மாற்றும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு குழந்தை பிழைப்பதற்கான முதல் படி இன்றும் ஆஸ்பத்திரியில் தொடங்குவதில்லை. வீட்டில், குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் அம்மா அல்லது பாட்டியின் கண்ணில்தான் தொடங்குகிறது. எப்படி என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பித்தநீர் என்ன செய்கிறது?

முதலில் கொஞ்சம் அடிப்படை. கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அது சிறிய நாளங்கள் வழியாகப் பெரிய நாளத்துக்கு வந்து, பித்தப்பையில் கொஞ்சம் தங்கி, முன்சிறுகுடலில் இறங்குகிறது. அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, சாப்பாட்டில் உள்ள கொழுப்பைச் செரிக்கவும், ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களை உடம்பில் சேர்க்கவும் உதவுவது. இரண்டு, பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றுவது.

மலத்துக்கு நிறம் கொடுப்பதே இந்தப் பிலிருபின்தான். குழாய் அடைபட்டால் என்ன ஆகும்? குடலுக்குப் பித்தம் வராது, அதனால் மலம் வெளுத்துப்போகும். வெளியேற வேண்டிய பிலிருபின் ரத்தத்தில் தேங்கும், அதனால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். மிச்சம் சிறுநீரில் இறங்கும், அதனால் சிறுநீர் கருத்த மஞ்சளாகித் துணியில் கறை படியும். மஞ்சள் உடம்பு, வெள்ளை மலம், கறை படியும் சிறுநீர். நோயின் முழு இலக்கணமும் இந்த மூன்று நிறங்களுக்குள் இருக்கிறது.

காமாலை என்ற ஒரே சொல்

தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: மஞ்சள் காமாலை. கிருமியால் கல்லீரல் வீங்கினாலும் காமாலை, கல் அடைத்தாலும் காமாலை, பிறந்த குழந்தைக்கு வந்தாலும் காமாலை. பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்று என்று பலரும் நம்பிவிட்டார்கள். அந்த மருந்து கீழாநெல்லி.

கீழாநெல்லியைச் சும்மா கேலி செய்துவிட்டுப் போக முடியாது. 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லி ஆய்வு ஒன்றை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கீழாநெல்லி பற்றிய அந்த ஆய்வு கிருமியால் வரும் கல்லீரல் நோயைப் பற்றியது. குழாயே அடைபட்டுப்போன குழந்தைக்கு எந்த இலையும் வழி திறந்து விடாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீரில் மருந்து கலந்து பயனில்லை, குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

அதேபோல ஈரல் கட்டி என்ற பெயரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமானது. இருபதாம் நூற்றாண்டில் வெகு காலம் வரை குழந்தைகளின் ஈரல் கட்டி என்றாலே வீடுகளில் பயம். சென்னையின் ஜம்மி நிறுவனத்தின் குழந்தை ஈரல் மருந்து பத்திரிகை விளம்பரங்கள் மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக இருந்தது. அந்தக் காலத்து ஈரல் கட்டிகளில் ஒரு பகுதி 'இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்கம்' என்று மருத்துவ நூல்களில் இடம்பெற்ற தனி நோய். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலில் செம்பு கலந்து குழந்தையின் ஈரலில் சேர்வதோடு அதற்குத் தொடர்பு இருப்பதை, 1980களில் புனேயில் பணியாற்றிய மருத்துவர்களும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனரும் எடுத்துக்காட்டினார்கள். வீட்டுக்குள் எவர்சில்வர் வந்தது, தாய்ப்பால் பற்றிய அறிவுரை பரவியது, அந்த நோய் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. ஒரு நோயைச் சரியாகப் பிரித்துப் பெயரிட்டால் பாதி வெற்றி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பிலியரி அட்ரீசியாவோ பாத்திரத்தை மாற்றினால் போகிற நோய் இல்லை. அது காமாலை, ஈரல் கட்டி என்ற பொதுப் பெயர்களுக்குப் பின்னால் வெகு காலம் மறைந்தே இருந்தது.

எடின்பரோ முதல் செண்டாய் வரை

1892ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜான் தாம்சன், பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தனக்குத் தெரிந்தவை, பிறர் எழுதியவை என்று ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளின் விவரங்களை அதில் திரட்டியிருந்தார். அத்தனையும் சோகக் கதைகள். ஆனால் சிதறிக் கிடந்த கதைகளை ஒன்றாக அடுக்கியபோதுதான், இது ஒரு தனி நோய் என்பது தெளிவாகத் தெரிந்தது.

1916ல் அமெரிக்காவில் ஹோம்ஸ் என்ற மருத்துவர் இதை இரண்டாகப் பிரித்தார். கல்லீரலுக்கு வெளியே குழாயின் ஒரு பகுதி திறந்திருந்தால் அதைக் குடலோடு இணைத்துவிடலாம், அது 'சரிசெய்யக் கூடியது'. குழாய் முழுவதும் அடைபட்டிருந்தால் 'சரிசெய்ய முடியாதது'. 1928ல் பாஸ்டன் நகரத்து வில்லியம் லாட் முதல் வகையில் சில குழந்தைகளை அறுவை செய்து காப்பாற்றினார். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாம் வகை. அவர்கள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் திரும்ப மூடிவிடுவதுதான் அடுத்த கால் நூற்றாண்டு வழக்கம்.

அந்த வழக்கத்தை உடைத்தவர் ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தின் மோரியோ கசாய். 1955ல் 72 நாள் குழந்தை ஒன்றுக்கு அறுவை நடந்தது. கல்லீரலின் வாயிலில், குழாய் இருக்க வேண்டிய இடத்தில், நார் போன்ற தழும்பு மட்டுமே இருந்தது. அதை வெட்டியபோது ரத்தம் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் குடலை இழுத்து அந்த இடத்தின் மேல் வைத்து மூடினார்கள். ஆச்சரியம்! அறுவைக்குப் பிறகு குழந்தையின் மலத்தில் பித்தத்தின் நிறம் தெரிந்தது, மஞ்சள் குறையத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நாளங்கள் அந்தத் தழும்புக்குள் உயிரோடு இருக்கின்றன, அவற்றைத் திறந்து குடலோடு சேர்த்தால் பித்தம் வழியும் என்று கசாய் புரிந்துகொண்டார்.

1959ல் அதை ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். ஆங்கில இதழில் வந்தது 1968ல்தான். மேலை நாடுகளில் பலர் முதலில் நம்பவில்லை. 'சரிசெய்ய முடியாதது' என்று பாடப்புத்தகமே சொன்ன ஒன்றை ஒருவர் சரிசெய்தேன் என்கிறாரே! ஆனால் குழந்தைகள் பிழைத்து வளர்ந்து நின்றபோது நம்பித்தானே ஆக வேண்டும். இன்று உலகம் முழுவதும் அந்த அறுவைக்குக் கசாய் என்றே பெயர்.

1974ல் அமெரிக்க நோயியல் மருத்துவர் பெஞ்சமின் லேண்டிங் இன்னொரு முக்கியமான கருத்தைச் சொன்னார். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது குழாயே உருவாகாமல் போன பிறவிக் குறை இல்லை, உருவான குழாயை ஓர் அழற்சி அழித்துக்கொண்டே போகிறது என்பது அவர் கருத்து. ஒரு வைரஸோ வேறு எதுவோ தூண்டிவிட, குழந்தையின் சொந்த நோய் எதிர்ப்பு சக்தியே குழாயைத் தாக்குகிறது என்று இப்போது பலர் கருதுகிறார்கள். உறுதியான காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். கர்ப்பத்தில் அம்மா எதைச் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

ஏன் அறுபது நாள்?

அழற்சி என்றால் அது நிற்காது, தினமும் நடந்துகொண்டே இருக்கும். வணிகவியல் படிக்கும் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது ஒவ்வொரு நாளும் தேய்மானம் ஆகிற சொத்து. முதல் மாதத்தில் திறந்திருக்கும் நுண்ணிய நாளங்கள் மூன்றாம் மாதத்தில் திறந்திருப்பதில்லை. அதற்குள் ஈரலும் தழும்பேறிச் சுருங்க ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் பிறந்து 60 நாளுக்குள் கசாய் அறுவை நடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். 30 நாளுக்குள் என்றால் இன்னும் நல்லது. 90 நாள் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. அறுவையே செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இவ்வளவு அவசரமான நோயில் ஏன் தாமதம் ஆகிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, இந்தக் குழந்தைகள் ஆரம்பத்தில் நோயாளி மாதிரியே இருக்க மாட்டார்கள். நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும், கொழுகொழுவென்று எடையும் போடும். "கொஞ்சம் மஞ்சளா இருக்கு, அவ்வளவுதானே?" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் வெயில். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் வருவது சகஜம். "காலை இளவெயில்ல காட்டும்மா, சரியாயிடும்" என்று பாட்டிகள் சொல்வது வெறும் மூடநம்பிக்கை கிடையாது. 1956ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தபோது, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்துதான் இன்று எல்லா மருத்துவமனைகளிலும் உள்ள நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது. ஆனால் அந்த ஒளி, கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பிலிருபினைத்தான் கரைக்கும். குழாய் அடைப்பில் தேங்குவது கல்லீரல் பக்குவப்படுத்தி அனுப்பிய பிலிருபின். அதை வெயில் தொடாது! வாரக்கணக்கில் வெயிலில் காட்டிக் காத்திருந்தால் கரைவது மஞ்சள் அல்ல, அந்த அறுபது நாள்தான்.

ஆகவே விதி எளிமையானது. பிறந்து 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் ரத்தத்தில் மொத்த பிலிருபினோடு 'நேரடி பிலிருபின்' அளவையும் பார்க்க வேண்டும். அது கூடுதலாக இருந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு நாளும் வீணாக்கக் கூடாது. மலம் வெளிறி இருந்தால் 14 நாள் வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு வண்ண அட்டையின் கதை

மலத்தின் நிறம்தான் துப்பு என்றால், அதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிவிட்டால் என்ன? இந்தச் சின்ன யோசனையை ஒரு நாடே செய்து காட்டியது. தைவான் 2002ல் சோதனை முறையிலும் 2004ல் நாடு முழுவதிலும், குழந்தைகளின் உடல்நலக் கையேட்டில் ஒரு வண்ண அட்டையைச் சேர்த்தது. அதில் மலத்தின் நிறங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். மஞ்சள், பச்சை என்றால் சரி. வெள்ளை, சாம்பல், வெளிறிய நிறம் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதன் பிறகு 60 நாளுக்குள் அறுவைக்கு வரும் குழந்தைகளின் விகிதம் அங்கே உயர்ந்தது. தாய்-சேய் கையேடு முறையை 1948லேயே தொடங்கிய ஜப்பானும் 2012ல் தன் கையேட்டில் இந்த அட்டையைச் சேர்த்தது. தைவானில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கும், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ 15,000 முதல் 18,000 குழந்தைகளில் ஒருவருக்கும் இந்த நோய் வருகிறது. அரிய நோய்தான். ஆனால் ஓர் அட்டையை அச்சடிக்கும் செலவையும் ஒரு கல்லீரல் மாற்று அறுவையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். லாப நஷ்டக் கணக்கு தெரிந்த யாருக்கும் விடை புரிந்துவிடும்.

அறுவைக்குப் பிறகு...

கசாய் அறுவை ஒரு முற்றுப்புள்ளி இல்லை. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு மஞ்சள் முழுதாக மறைகிறது. மற்றவர்களுக்குச் சீக்கிரமே கல்லீரல் மாற்று தேவைப்படும். மஞ்சள் மறைந்தவர்களிலும் பலருக்கு ஈரலுக்குள் அழற்சி மெதுவாகத் தொடரும். அதனால் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும்.

குறிப்பாக ஒரு விஷயம். குடல் நேராக ஈரலோடு சேர்க்கப்பட்டிருப்பதால், குடலில் உள்ள கிருமிகள் மேலேறிப் பித்தநாளத்தில் சீழ்ப்பிடிக்கச் செய்யலாம். கசாய் செய்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு இருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொழுப்பு சரியாகச் செரிக்காததால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதில் கே வைட்டமின் குறைந்தால் ரத்தம் உறையாது. சில குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக் கசிவு வந்த பிறகுதான் நோயே தெரிய வந்திருக்கிறது. சத்துணவு, தடுப்பூசி, எடைக் கணக்கு எல்லாமே இங்கே மருந்துதான்.

பெரியவர்களுக்கு வரும் உறவுக்கார நோய்

பித்தநாள அழற்சி குழந்தைகளோடு நின்றுவிடுவதில்லை. 1877ல் பிரான்சின் சார்க்கோ, குளிர் காய்ச்சல், மஞ்சள், வயிற்றின் வலது மேற்பக்க வலி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளத்தில் கிருமித் தொற்று என்று சந்தேகிக்கச் சொன்னார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைச் சார்க்கோவின் மூன்று அறிகுறிகள் என்று படிக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு வகை சத்தமில்லாமல் வரும். பிரைமரி ஸ்க்ளீரோசிங் கோலாஞ்சைட்டிஸ், சுருக்கமாக பி.எஸ்.சி. பித்தநாளங்கள் அங்கங்கே சுருங்கி, அங்கங்கே விரிந்து, படத்தில் பார்த்தால் மணிமாலை கோத்தது போல இருக்கும். 1924ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் டெல்பே இதை விவரித்தார். அப்போதெல்லாம் வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். 1968ல் அமெரிக்காவில் முதன்முதலாக, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளத்தின் வாயில் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் முறை (ஈ.ஆர்.சி.பி.) வந்தது. 1990களில் காந்த அலை ஸ்கேன் (எம்.ஆர்.சி.பி.) வந்தபின் குழாயே விடாமல் படம் பார்க்க முடிந்தது.

இந்த நோய் ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 30, 40 வயதுகளில் தெரிய வரும். மேலை நாடுகளில் இது உள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சியும் சேர்ந்தே இருக்கிறது. தீராத அரிப்பு, சோர்வு, ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடுதல் ஆகியவை முதல் துப்புகள். நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை ரத்த அளவுகளைச் சீராக்கினாலும், அதை அதிக அளவில் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2009ல் வெளிவந்தபோது நன்மையை விடத் தீமைதான் கூடியது என்று தெரிந்தது. ஆகவே அளவு மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். சுருங்கிய இடத்தை விரிப்பது, புற்றுநோய் வருகிறதா என்று வருடா வருடம் பார்ப்பது, கடைசியில் கல்லீரல் மாற்று. இதுதான் இன்றைய வழி.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு விளையாட்டு வீரர்களின் கதை போதும். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் வால்டர் பேட்டன் 1999 பிப்ரவரியில் தனக்கு பி.எஸ்.சி. இருப்பதை அறிவித்தார். பித்தநாளத்தில் புற்றுநோய் வந்துவிட்டதால் கல்லீரல் மாற்றுக்கு வழியில்லாமல் போய், அதே ஆண்டு நவம்பர் 1ல் இறந்தார். பனிச்சறுக்கு வீரர் கிறிஸ் குளூக்குக்கும் அதே நோய். அவருக்கு 2000ஆம் ஆண்டு ஜூலையில் நேரத்தோடு கல்லீரல் மாற்று கிடைத்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கினார்!

கொடுப்பவர்கள் இல்லாமல் எதுவும் இல்லை

உலகின் முதல் கல்லீரல் மாற்று முயற்சியே பிலியரி அட்ரீசியா குழந்தைக்காகத்தான் நடந்தது. 1963 மார்ச் 1ல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் 3 வயதுச் சிறுவனுக்கு அந்த அறுவையைச் செய்தார். ரத்தப்போக்கால் சிறுவன் மேசையிலேயே இறந்துவிட்டான். ஸ்டார்ஸல் 1967ல் அறுவை செய்த ஒரு சிறுமி ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தாள். சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின், 1983ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, இது பரிசோதனை அல்ல, ஏற்கத்தக்க சிகிச்சை என்று சொன்னது. 1989ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், உயிரோடிருக்கும் தாயின் ஈரலில் ஒரு துண்டை எடுத்து மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். வெட்டிய ஈரல் மீண்டும் வளரும் என்பதால் இது சாத்தியமானது. காஞ்சிபுரத்து அப்பா கொடுத்ததும் இந்த வழியில்தான். இந்தியாவில் 1994ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் அதற்குக் கதவைத் திறந்திருந்தது.

பெற்றோரால் கொடுக்க முடியாதபோது? 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தைக் கடந்து ஒரு சிறுமியிடம் போன கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அந்த ஆண்டே மாநில அரசு மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டத்தை ஒழுங்கு செய்தது. 2009ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று தொடங்கியது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

கல்லாவியிலிருந்து எவ்வளவு தூரம்?

கல்லாவி ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள ஊர். சஞ்சய்க்கு அறுவை நடந்த 1998ல் அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. அப்போது தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை, கிருஷ்ணகிரியிலும் இல்லை. வெளிறிய மலத்தோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால் சேலத்துக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டுத் தெரியாத ஊருக்குப் போவது எத்தனை குடும்பங்களால் முடியும்?

2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2008ல் தர்மபுரியிலும், 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2012 முதல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. கசாய் அறுவைக்குக் குழந்தை அறுவை மருத்துவத்தில் அனுபவம் உள்ள பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றாலும், நேரடி பிலிருபின் பரிசோதனைக்கு இன்று யாரும் சேலம் போக வேண்டியதில்லை. தூரம் குறைந்துவிட்டது. மிச்சம் இருப்பது நாள் கணக்கு மட்டும்.

தடுப்பூசி போட வரும் கிராம சுகாதார செவிலியரிடம் "குழந்தை இன்னும் மஞ்சளா இருக்கு, வெளிக்குப் போறது வெள்ளையா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் தொடங்குகிறது எல்லாம். "வெயில்ல காட்டு, போயிடும்" என்று யாராவது சொன்னால், "எதுக்கும் துணியைப் பாருங்க அத்தை, என்ன நிறம்?" என்று திருப்பிக் கேட்க அந்த வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

அந்தக் காஞ்சிபுரத்துக் குழந்தை என்ன ஆனான்? அப்பாவின் ஈரல் துண்டோடு வளர்ந்தான், பள்ளிக்குப் போனான், மருத்துவம் படித்தான். 2021ல் மருத்துவர் ஆகிவிட்டார் சஞ்சய் கந்தசாமி!

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்: பதினான்கு நாளுக்கு மேல் மஞ்சள் கூடாது, ஒரு நாளும் மலம் வெள்ளையாக இருக்கக் கூடாது.